பஸ்ஸில் ஏறிய பங்குனி ஆமை

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் அப்போதுதான் கண்டக்டராகச் சேர்ந்திருந்தேன். வேலை நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு விஷயத்தில் தவறவே கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். காலை வண்டி செங்கல்பட்டு ரயிலுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். எந்தச் சாமானும் லக்கேஜ் சீட்டு இல்லாமல் ஏறக்கூடாது. இரண்டாவது விதியை நான் அன்று ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தேன். முதல் விதிதான் காற்றில் பறந்தது.

அது காலை முதல் ட்ரிப். கிளம்பப் போகிற நேரத்தில் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். செங்கல்பட்டில் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை அவர். அடிக்கடி வருகிறவர் என்பதால் எனக்குத் தெரியும். நெற்றி நிறைய விபூதி, சுத்த சைவம். மீன்கூடைக்காரர்கள் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் இறங்கும்வரை மூக்கிலிருந்து துண்டை எடுக்க மாட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு பெரிய கோணி மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எஞ்சின் ஓரமாக வைத்துவிட்டு, அவசரமாக இறங்கிப் போனார்கள்.

"இன்னா சாமான் சார் இது?" என்றேன்.

"சாமான்தான்பா."

"அதான் இன்னா சாமான்? சீட்டுல எழுதணுமே."

"சாமான்னே எழுதிக்கோயேன்."

அப்படியே எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

வண்டி ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. பெரிய துக்கத்தில் இருக்கிறவர்கள் விடுகிற மூச்சு. எல்லோரும் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று நேரத்தில் இன்னொன்று. எதிர் சீட்டில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கருணைக்கிழங்கு கொண்டுபோய் விற்கிறவர். காலடியில் கிழங்கு மூட்டை. அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா நைனா, வூட்ல எதனா கஷ்டமா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லேம்மா."

"ஒண்ணும் இல்லாமலா இப்டி மூச்சு வுட்டுகினு வர. மனசுல வெச்சிக்காத, சொல்லிடு."

கணக்குப்பிள்ளை பதில் சொல்வதற்குள் மூன்றாவது பெருமூச்சு வந்தது. இந்தத் தடவை அவர் வாய் இறுக மூடியிருந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு விருந்துக்குப் போகிற ஒருவர் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தார். அவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, மெதுவாகக் கால்களை உயரத் தூக்கிக்கொண்டார்.

"கண்டக்டரு, சாமான் நவுருது," என்றார்.

"ரோடு சரியில்லே, அதான்," என்றார் கணக்குப்பிள்ளை.

ரோடு என்னவோ சரியில்லைதான். ஆனால் மூட்டை ரோட்டின் குலுக்கலுக்கு நகரவில்லை, எஞ்சின் சூடு தாங்காமல் நகர்ந்தது. கட்டியிருந்த கயிறு நெகிழ்ந்து, துடுப்பு மாதிரி ஒரு கை வெளியே வந்தது. அடுத்து ஒரு தலை. கிளிமூக்கு மாதிரி வாய். நான் "அண்ணே, அண்ணே" என்று டிரைவரைக் கூப்பிடுகிறேன். அதற்குள் அது கோணியை உதறிவிட்டு, சூட்டுக்குத் தப்பிக் கிடைத்த இடுக்கில் நேராக டிரைவரின் கால் பக்கம் புகுந்துவிட்டது.

கடலாமை. எங்கள் பக்கத்தில் பங்குனி ஆமை என்பார்கள். பெரிய சோற்றுத்தட்டு இரண்டைக் கவிழ்த்துவைத்த அகலம் இருக்கும்.

எங்கள் டிரைவர் முரட்டு ஆள். பெரிய மீசை. எதிரே லாரி வந்தாலும் ஒதுங்க மாட்டார். அன்று பிரேக்கை மிதித்தார், மிதி இறங்கவில்லை. பிரேக்குக்குக் கீழே ஆமை ஓடு. முன்னால் கால்வாய்ப் பாலம் தெரிகிறது. ஒரு மாட்டு வண்டி அதன்மேல் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருக்கிறது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை ஓரத்து மணல்மேட்டில் ஏற்றினார். உள்ளே எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கோழி அலறி, கிழங்கு நாலு உருண்டு, வண்டி ஒருபக்கம் சாய்ந்தபடி நின்றது. என் கையிலிருந்த டிக்கெட் கட்டு எங்கோ போய் விழுந்தது.

டிரைவர் கீழே எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். காக்கி உடுப்போடு, பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி.

"இத்த எறக்கு. இது எறங்கற வரைக்கும் நான் காலக் கீழ வெக்க மாட்டேன்," என்றார்.

நாலு பேர் சேர்ந்து ஆமையை இழுத்து நடுவில் வைத்தோம். அப்போதுதான் கிழங்குக்கார அம்மா குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"அய்யய்ய, இது அழுவுது," என்றார்.

எல்லோரும் எழுந்து வந்து பார்த்தோம். உண்மைதான். இரண்டு கண்ணிலிருந்தும் கெட்டியாக நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அதுவரை எத்தனையோ ஆமையைக் கரையில் பார்த்திருக்கிறேன். ஒன்றின் கண்ணைக்கூட உற்றுப் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளையைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் என்னை ஓரமாக இழுத்து, காதில் ரகசியமாக விஷயத்தைச் சொன்னார். மில் முதலாளிக்கு மூலம். நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றபடியே வியாபாரம் பார்க்கிறார். கடலாமையின் ரத்தத்தைச் சுடச்சுடக் குடித்தால் குணமாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆமையோடு வா, இல்லாவிட்டால் வேலைக்கே வராதே என்று அனுப்பிவிட்டார். முட்டையைக்கூடத் தொடாத மனிதர், கரையில் போய் நின்று, வலையில் மாட்டியதைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார்.

"இன்னாவாம்?" என்று டிரைவர் சீட்டிலிருந்து கேட்டார்.

நான் தயங்கித் தயங்கி மெதுவாகச் சொன்னேன்.

"மூலமா?" என்று அவர் கேட்டது பாலம்வரை கேட்டிருக்கும்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். துத்தியிலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொன்னார் ஒருவர். சின்ன வெங்காயமும் மோரும் என்றார் இன்னொருவர். தனக்கே குணமான கதையை ஆரம்பித்த ஒருவரைப் பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி உட்காரவைத்தோம். கிழங்குக்கார அம்மா மட்டும் காலால் தன் மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

"மூலத்துக்குக் கருணையத் தவிர வேற இன்னா மருந்து கீது? இத்த வுட்டுட்டு ஒரு உசுர அறுக்கச் சொல்றானா அந்த ஆளு?"

"என் முதலாளி ஆமைதாம்மா கேட்டார்," என்றார் கணக்குப்பிள்ளை, அழாக்குறையாக.

இவ்வளவு நேரமும் ஆமைக்காக உரக்கப் பேசியவர் கோழிக்காரர்தான். பாவம், வாயில்லாத ஜீவன், அதுக்கும் குடும்பம் இருக்கும் என்று கண் கலங்கவே ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாத்த, அப்போ உன் மடியில கீறது?"

"இது கோழிம்மா."

"தெரியுது. அதுக்குக் குடும்பம் கெடையாதா?"

"கோழி அழுவுதா?" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே கோழியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். அது தலையைச் சாய்த்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அவர் துண்டை எடுத்து அதன் முகத்தை மூடிவிட்டார்.

ஆமையை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். இங்கே விட்டால் வெயிலில் காய்ந்தே செத்துப் போகும், கடல் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொல்வது என்று அந்த அம்மா கேட்டார். ரயில் போய்விடும் என்று ஒருவர் கோபித்துக்கொண்டு இறங்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். நான் டிரைவரைப் பார்த்தேன். என் வேலை, முதலாளி, ரயில் எல்லாம் கண்முன்னால் வந்து போயின.

"இன்னாத்துக்கு என்னப் பாக்கற? எல்லாரும் எறங்கித் தள்ளுங்க. வண்டிய ரிவர்ஸ் எடுக்கணும்," என்றார் அவர், காலைக் கீழே வைக்காமலே.

ஆமையைக் கோணியோடு கடைசி சீட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அவர் காலை இறக்கினார். மணலிலிருந்து வண்டியைத் தள்ளி, திருப்பி, வந்த வழியே மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே கோணியின் நாலு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினோம். ஒரு முனை கணக்குப்பிள்ளையிடம். ஆமை கையை வீசி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டது. அவர் அதற்கு நியாயம் இருக்கிறது என்பது போலப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

ஈர மணலில் இறக்கி வைத்தால் அது போக மாட்டேன் என்கிறது. தலையை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத ஜாதி, அப்படியே கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறது. பஸ் கூட்டம் முழுக்கச் சுற்றி நின்று, போக மனசில்லாத விருந்தாளியை அனுப்புகிற மாதிரி "போம்மா, போ, நேரமாவுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். கணக்குப்பிள்ளை குனிந்து, மீன்வாடைக்கு மூக்கைப் பொத்துகிற அந்தத் துண்டாலேயே அதன் கண்ணில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். பிறகு ஒரு பெரிய அலை வந்தது. எங்கள் எல்லோர் வேட்டியும் புடவையும் நனைந்தன. அலை திரும்பியபோது ஆமை அங்கே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு தலை மேலே வந்து, அதே பெருமூச்சை ஒருதரம் விட்டுவிட்டு உள்ளே போனது.

எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினால், கணக்குப்பிள்ளை மணலில் உட்கார்ந்துவிட்டார். வேலை போச்சு, வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும் என்று தேம்பித் தேம்பி அழுதார்.

"இப்போ இவரு அழுவுறாரு," என்றார் டிரைவர் அலுப்போடு. "பேஜாராப் போச்சு இன்னிக்கி."

கிழங்குக்கார அம்மா அவரை எழுப்பி வண்டிக்குக் கூட்டிப்போய்த் தன் மூட்டையைக் காட்டினார். இதைத் தூக்கிக்கொண்டு போய், ஆமை கிடைக்கவில்லை, கடலோரத்து ஆட்கள் மூலத்துக்கு இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று சொல், புளி சேர்த்து வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்கும், அதையும் மறக்காமல் சொல் என்று பாடம் நடத்தினார். செங்கல்பட்டில் மூட்டையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். வழியில் கோபித்துக்கொண்டு நடந்தவரையும் ஏற்றிக்கொண்டோம். ரயில் எப்போதோ போயிருந்தது.

சாயந்தரம் பஸ் முதலாளி எங்களை நிற்கவைத்துக் கேட்டார். டிரைவர்தான் பேசினார்.

"ஆமையால லேட்டு மொதலாளி."

"ஆமை மாதிரி ஓட்டிட்டு வந்து அதையே காரணமாவும் சொல்றியா?" என்றார் முதலாளி.

முழுக் கதையையும் சொன்ன பிறகு அவர் வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆமைக்கு லக்கேஜ் சீட்டு போட்டாயா என்று மட்டும் கேட்டார். போட்டேன் என்றேன். சரி, போ என்றார். வேலை தப்பியது.

ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கணக்குப்பிள்ளை மறுபடி எங்கள் பஸ்ஸில் வந்தார். மில் முதலாளி முதலில் கத்தினாராம். வலி பொறுக்காமல் கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இவரைத் திட்டுகிறாராம். அதைச் சொன்னபோது கணக்குப்பிள்ளை முகத்தில் அவ்வளவு பெருமை. அந்த அம்மாவைத் தேடித்தான் வந்திருந்தார், இன்னொரு மூட்டைக்கு.

பல வருஷம் கழித்து என் மகள் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். கடலாமை அழாதாம். உடம்பில் சேர்ந்த உப்பைக் கண் வழியாக வெளியே தள்ளுகிறதாம், தண்ணீருக்குள் இருக்கும்போதும் அப்படித்தானாம். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. ஒரு பஸ் நிறைய ஆட்கள் உப்புத் தண்ணீரைப் பார்த்தா ஏமாந்தோம் என்றிருந்தது. ஆமையை விட்ட அன்றோடு நான் சைவமாகிவிட்டேன் என்று சொன்னாலும் பொய்தான், அதற்கு இன்னும் வெகுகாலம் பிடித்தது. ஆனால் அது கண்ணீரா இல்லையா என்று தீர்மானமாகத் தெரிந்த பிறகுதான் வண்டியைத் திருப்புவோம் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தால் அந்த ஆமை செத்திருக்கும். அதனால் எந்த உயிரைப் பார்த்தும் இதற்கு வலிக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டால், வலிக்கும் என்றே நான் இன்றுவரை எடுத்துக்கொள்கிறேன்.