கிஸில்தாரா மேய்ப்பர்கள்

இது ராத்திரியில் நடந்ததல்ல. பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் பலர் நம்புவதில்லை. புழுதிக் காற்றில் மூளை கலங்கிப்போய்ப் பேசுகிறாள் என்கிறார்கள். ஆனால் குர்பனாயை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்து, ஆடு மேய்க்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு பனிக்காலத்தில் பட்டிக்குள் புகுந்த ஓநாயைக் கழியால் அடித்துத் துரத்தியவள். இல்லாததை இருப்பதாகச் சொல்கிற குணம் அவளுக்கில்லை. அவள் சொன்னபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

கூஹிதாங் மலையில் காட்டுச் சீரகம் முற்றுகிற பருவம். குர்பனாயின் நாத்தனார் சனோபருக்கு அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை ஷெராபாத்தில் லாரி ஓட்டுகிறவன். கல்யாண விருந்தின் பிலாவ் சோற்றுக்கு மலைச் சீரகம் பறித்து வரலாமென்று, இரண்டு பேரும் ஒரு கழுதையை ஓட்டிக்கொண்டு விடியற்காலையில் கிஸில்தாரா மலையிடுக்குக்குள் நுழைந்தார்கள்.

"ஏன் அண்ணி, கடைச் சீரகம் போட்டா பிலாவ் வேகாதா?"

"நல்லா வேகும். ஆனா உன் மாமியார் ஒரு வாய் வச்சதும் கேப்பா, மலையடிவாரத்துல இருந்துக்கிட்டு கடைச் சீரகமான்னு. ஆயுசு முழுக்க அதையே சொல்லிக் காட்டுவா."

"சொல்லட்டுமே. நான் காதுல பஞ்சு வச்சுக்கிறேன்."

"லாரிக்காரன் பொண்டாட்டிக்குப் பஞ்சு எதுக்குடி? அந்த இன்ஜின் சத்தத்துல நீ தானாவே செவிடாயிடுவ."

சனோபர் சிரித்தாள். அவள் சிரித்தால் சத்தம் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வரும். அன்றும் வந்தது.

வெயில் ஏறியபோது பை பாதி நிறைந்திருந்தது. அப்போதுதான் குர்பனாய் தெற்கே பார்த்தாள். வானத்தின் அடிப்பகுதி முழுவதும் பழுப்பாக இருந்தது. ஆப்கான் காற்று. அது வந்தால் இரண்டு அடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். மூச்சில் மண் நிறையும். ஊருக்குத் திரும்ப நேரமில்லை. ஒதுங்குவதற்கு அந்த இடுக்கில் ஒரே ஓர் இடம்தான் உண்டு.

ஊரில் அதை மேய்ப்பர் ஒதுக்கு என்பார்கள். குகை போல ஆழமில்லை. செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு நீளத் திட்டு, அதன் மேல் கூரை போலக் கவிழ்ந்த பாறை. திட்டுக்கு ஏறும் தடம் இடது பக்கம். வலது பக்கம் திட்டு குறுகிக்கொண்டே போய்ச் சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்பால் பாதாளம்.

உள்சுவரில் செங்காவியால் வரைந்த படங்கள். எந்தக் காலத்தில் யார் வரைந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தோளிலிருந்து கால்வரை மணி போல விரிந்த அங்கி போட்ட ஆட்கள். முகம் கிடையாது. கைகள் மட்டும் நீட்டியிருக்கும். அவர்களுக்கு முன்னால் சில உருவங்கள் ஓடும். ஆடுகள் என்பார்கள். சில உருவங்களுக்குக் கொம்பு தெரியும். சிலதெல்லாம் கறை படிந்து, என்னவென்றே சொல்ல முடியாது.

கழுதை திட்டு வரை ஏறியது. ஒதுக்குக்குள் வரவில்லை. குர்பனாய் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், அடித்தாள், திட்டினாள். அது அசையவே இல்லை. கடைசியில் அதை வெளியிலேயே விட்டுவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். ரொட்டியைப் பிட்டார்கள். புட்டியில் கொண்டுவந்த தேநீரைச் சனோபர் ஒரு மடக்குக் குடித்தாள். மீதியில் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிச் சுவரில் தெளித்தாள். ஈரம் பட்டதும் படங்கள் புதிதாகத் தீட்டியவை போலச் சிவந்தன.

"இந்த ஆளைப் பாருங்க அண்ணி. அச்சு அசல் எங்க அண்ணன். கைய நீட்டிக்கிட்டு நிக்கறதோட சரி, வேலையெல்லாம் நாய் பாத்துக்கும்."

"வீட்டுக்கு வா, உங்க அண்ணன்கிட்டயே சொல்றேன்."

காற்று வந்து மோதியது. மலையிடுக்கு முழுவதும் இருண்டது. பகல் ஒரு மணி இருக்கும். விளக்கேற்றும் நேரம் போல ஆகிவிட்டது. எதிர்ப்பாறை மறைந்தது. பிறகு திட்டின் விளிம்பு மறைந்தது. காற்றின் ஓலம் காதை அடைத்தது.

ஆனால்... ஒதுக்குக்குள் காற்றே இல்லை.

குர்பனாய் அதை மெதுவாகத்தான் உணர்ந்தாள். சனோபரின் தலைத்துணி நுனி அசையவில்லை. மடியில் கிடந்த ரொட்டித்துகள் அப்படியே கிடந்தது. ஒரு கைத்தொலைவில் புழுதி சீறிக்கொண்டு ஓடுகிறது. உள்ளே ஒரு தூசிகூட வரவில்லை.

அடுத்து ஒரு வாடை. நனைந்த நாயின் வாடை. கூடவே, நெடுந்தூரம் ஓடி வந்த மனிதர்களின் வியர்வை வாடை.

டப்.

யாரோ கைதட்டியது போல. இடது பக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் ஏறி வந்த தடத்திலிருந்து.

டப்... டப்...

"அண்ணனா இருக்கும்," என்றாள் சனோபர். "தேடிக்கிட்டு வந்திருக்கும்." இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். "அண்ணே... இங்க இருக்கோம்..."

கைதட்டல் நின்றது.



மறுபடி தொடங்கியது. இப்போது ஓர் ஆள் இல்லை. பலர். ஒரே தாளத்தில். டப்... டப்... டப்... நடுவில் கல்லோடு கல் தட்டும் சத்தம். நாய் இரைக்கும் சத்தமும் கேட்டது, மிக அருகில். புழுதிக்குள் நாய் எதுவும் தெரியவில்லை.

"அண்ணி, யாரு அது?"

"பேசாம இரு."

குர்பனாய் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. படங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒன்றும் மாறவில்லை. அதைக் கண்டு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

புழுதிக்குள்ளிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. சின்னக் கல். சனோபரின் இடது பக்கம், ஒரு சாண் தள்ளி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதுவும் இடது பக்கம். மூன்றாவது, அவர்களுக்குப் பின்னால், சுவரோரம்.

ஒன்றுகூட அவர்கள் மேல் படவில்லை.

குர்பனாய்க்குப் புரிந்தது. அவளும் நாள் முழுவதும் செய்கிற வேலைதான் அது. ஆட்டின் மேல் கல்லெறிய மாட்டார்கள். ஆடு எந்தப் பக்கம் போகக்கூடாதோ அந்தப் பக்கம் எறிவார்கள்.

இடது பக்கம் போகக்கூடாது. சுவரோரம் ஒண்டக்கூடாது. மிச்சம் இருப்பது... வலது பக்கம்.

"சனோபர், எழுந்திரிக்காத. என்னப் பிடிச்சுக்கோ."

"என்ன அண்ணி?"

"நம்மள ஓட்டறாங்கடி."

அப்போது கழுதை அலறியது. அப்படி ஒரு சத்தத்தை எந்தக் கழுதையிடமும் அவள் கேட்டதில்லை. குளம்பொலி அவர்களைக் கடந்து வலது பக்கமாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது...

நின்றது.

வெகு நேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு சத்தம்.

"ஹேய்த்... ஹேய்த்..."

காதோரமாக. ஆடுகளை அதட்டும் குரல். அதட்டலில் கோபம் இல்லை. அன்றாட வேலையைச் செய்கிறவரின் குரல்.

சனோபர் எழுந்துவிட்டாள். குர்பனாய் அவள் பாவாடையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். சனோபர் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தக் கண்கள் அண்ணியை அடையாளம் கண்டதாகவே தெரியவில்லை. ஆட்டின் கண்கள் அவை. மிரண்ட ஆட்டின் கண்கள்.

துணி கிழிந்தது.

"சனோபர்..."

ஓடும் காலடி.

வலது பக்கம்.

குர்பனாய் குப்புறப் படுத்தாள். பாறை வெடிப்பில் முழங்கை வரை கையைத் திணித்தாள்.

ஒரு கல் இடது காதருகே விழுந்தது.

ஒரு கல் காலருகே.

ஒரு கல்... முதுகின் மேல். மெதுவாக. படுத்துவிட்ட ஆட்டைக் கழியால் தொட்டுப் பார்ப்பது போல.

மேலே யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் மூச்சு விடவில்லை.

பிறகு, வலது பக்கம், கீழே... அந்தச் சத்தம்.

அதற்குப் பின், பலர் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அது சந்தோஷக் குரல். இரண்டு நாளாகச் சாப்பிடாதவர்கள் சாப்பாட்டைக் கண்டு எழுப்புகிற குரல்.

சட்டென்று ஒதுக்குக்குள் காற்று நுழைந்தது. வாயிலும் கண்ணிலும் மண் நிறைந்தது. அப்போதுதான் அவளால் அழ முடிந்தது.

காற்று அடங்கி, தேடி வந்த ஊர் ஆண்கள் அவளைக் கண்டபோதும் கை பாறை வெடிப்புக்குள்தான் இருந்தது. அவளாக எடுக்கவில்லை. அவர்கள்தான் எடுத்துவிட்டார்கள். விரல்களில் கிழிந்த பாவாடைத் துணி இருந்தது.

புழுதியில் வழி தெரியாமல் பெண் விழுந்துவிட்டாள் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். குர்பனாயின் கணவன் எஷ்தெமிரும் அப்படித்தான் நினைத்தான். மனைவியின் பேச்சை அவன் நம்பவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. அவன் அம்மாதான் மருமகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சனோபரின் கல்யாணத்துக்குத் தைத்த மெத்தைகளில்தான் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் எஷ்தெமிர் தனியாகத் திட்டுக்கு ஏறிப் போனான். இருட்டுவதற்குள் திரும்பி வந்தான். எதுவும் சாப்பிடவில்லை.

"அங்க கல்லு கிடக்குது," என்றான் மனைவியிடம். "மலைக் கல்லு இல்ல. வழவழன்னு ஆத்துக் கல்லு. அங்க எப்படி வந்துச்சு?"

குர்பனாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வரிசையாக் கிடக்குது, வலது விளிம்பு வரைக்கும்," என்றான். அப்புறம் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை.

அதற்கு முன்பே, சனோபரின் உடலை எடுத்தபோது பாறையடியில் மணலைத் தோண்ட வேண்டியிருந்தது. காற்று அவளைப் பாதி மூடியிருந்தது. தோண்டியவர்களின் மண்வெட்டியில் எலும்புகள் தட்டுப்பட்டன. நிறைய. மேலேயிருந்து விழுந்த ஆடுகளாக இருக்கும் என்று நினைத்து மூடிவிட்டு வந்தார்கள். செய்தி எப்படியோ தெர்மெஸ் நகரம் வரை போயிற்று. அடுத்த வசந்தத்தில் ஒரு பெண் தொல்லியல் ஆய்வாளர் ஆட்களுடன் வந்து, பாறையடியில் கூடாரம் போட்டுத் தோண்டினார்.

கோடைத் தொடக்கத்தில் அவர் எஷ்தெமிரின் வீட்டுக்கு வந்தார். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"அதுல ஆட்டு எலும்பு ஒண்ணுகூட இல்லீங்க," என்றார். "எல்லாம் மனுஷங்க. பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான் அதிகம்."

"ரொம்பப் பழசாத்தானே இருக்கும்?" என்று கேட்டான் எஷ்தெமிர்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அடியில இருக்கறது பழசு. பல ஆயிரம் வருஷம் இருக்கும். மேல வர வர அப்படி இல்ல. எல்லாக் காலத்து எலும்பும் இருக்கு. நடுவுல எங்கயும் நின்ன மாதிரித் தெரியல."

எல்லாவற்றுக்கும் மேலே, சனோபர் கிடந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு குழந்தையின் எலும்புகள் இருந்தன. காலில் ரப்பர் காலணி. இன்றைக்கும் ஷெராபாத் சந்தையில் விற்கிற அதே காலணி.

போலீசார் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் விசாரித்தார்கள். எந்த ஊரிலும், எந்த வீட்டிலும், ஒரு குழந்தைகூடக் காணாமல் போயிருக்கவில்லை.