அக்காவிடம் கேட்காத கேள்வி

அக்கா இறந்த மறுமாதம் ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட எனக்குக் கை எழவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். அதன்பின் ஏழு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு ஒன்பது வயதாவதற்குள் அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். பதினேழு வயது அக்காதான் ராயபுரத்தில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய் என்னை வளர்த்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமான பிறகும் எங்களோடுதான் இருந்தாள்.

மார்பில் வந்த கட்டியைப் பற்றி அவள் ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. அது உடைந்து புண்ணானதும் பழைய துணியை மடித்துக் கட்டி, மேலே பவுடரைக் கொட்டிக்கொண்டாள். வீட்டில் நாற்றம் அடித்தது. நான் சாக்கடை என்று நினைத்து கார்ப்பரேஷனுக்குப் புகார் எழுதினேன். "ஆமாண்டா, மழைத்தண்ணி நின்னுகினு ஒரே கலீஜா கீது" என்று அவளும் சொன்னாள். என் மகளுக்கு அது பிளஸ் டூ வருடம். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அக்கா அடுப்பங்கரையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தெய்வம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அழுகை வரவில்லை.

வேலைக்குப் போகாமல் உட்கார்ந்த நாட்களில் குளிக்கவில்லை. சோறு வாயில் மண்ணாக இருந்தது. பேசினால் ஒன்றையேதான் பேசினேன். நான் பொய்யன். கூட இருக்கிறவர்களை நம்ப வைத்து ஏமாற்றுகிறவன்.

"நீ யாரை இன்னா ஏமாத்தின?" என்று மனைவி கேட்பாள். "குடி கிடையாது, ஒண்ணும் கிடையாது. எதுக்குய்யா இப்படிப் பேசற?"

நான் சொல்வது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் எண்ணூர் ரயில் பாதைப் பக்கம் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தேன். அதை மனைவியிடம் சொன்னேன். அவள் அன்றே என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதலில் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் தூக்கம் வந்தது, கையும் எழுந்தது. அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. வியாழக்கிழமைதோறும் வந்து பேசச் சொன்னார். பல வியாழன்கள் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஒரு வியாழக்கிழமை அதையே மறுபடி சொன்னேன். "நான் பொய்யன், டாக்டர். எல்லாத்தையும் மறைச்சவன்."

"எதை மறைச்சீங்க?"

"எதையும் மறைக்கல."

"அப்போ யார் மறைச்சாங்க?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் அக்காவைப் பற்றி இவள் யார் பேச என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவின் படத்தைப் பார்த்து, "ஏண்டி சொல்லல? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை. மனைவி ஓடிவந்தாள். அவள் மடியில் விழுந்து அன்றுதான் அழுதேன்.

அடுத்த வாரம் டாக்டர் விளக்கினார். உளப்பகுப்பாய்வு என்று ஒரு வழி உண்டாம். சாதாரணத் துக்கத்தில் இறந்தவர் இல்லாமல் உலகம் வெறுமையாகத் தெரியும், இந்த மனச்சோர்வு நோயிலோ மனிதன் தன்னையே வெறுமையாகக் காண்பான் என்று அந்த வழியில் வந்தவர்கள் சொன்னார்களாம். போனவர் மேல் உள்ள கோபத்தைக் காட்ட முடியாதபோது அது தன் மேலேயே திரும்பிவிடும். "இதுவே முழுக் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் பொருந்தவும் பொருந்தாது. மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார்.

"நாத்தத்தைச் சாக்கடைன்னு நினைச்சேனே, அது என் தப்புதானே?" என்று கேட்டேன். இல்லை என்று அவர் சொல்லவில்லை. "அதையும் பேசுவோம்" என்றார். பல மாதம் அதைத்தான் பேசினோம்.

அதற்குப் பிறகு வந்த கல்லறைத் திருநாளில் குடும்பத்தோடு அக்காவிடம் போனேன். மெழுகுவத்தி ஏற்றியபடி சித்தி, "புள்ள பரீட்சைக்காக வலியைப் பொறுத்துகினா, தெய்வம்" என்றாள். பக்கத்தில் என் மகள் தலைகுனிந்தாள். இத்தனை நாளாக அவள் என்ன சுமந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தெய்வம் இல்ல சித்தி. பயந்துகினா. பொய் சொன்னா. புள்ள அவளை மறைக்கச் சொல்லல" என்றேன்.

சித்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது. அந்த ஏழு மாதம் முடிந்ததுமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். சில காலைகளில் அந்தப் பழைய கனம் வந்து தோளில் உட்காரும். அன்றைக்குப் பொத்தான் இல்லாத டீஷர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.