சிலேட்டில் எழுதிய நீர்மட்டம்

சேலம் அஸ்தம்பட்டியில் நான் குடியிருக்கும் வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய சிலேட்டு ஆணியில் தொங்குகிறது. ஒரு மூலை உடைந்தது. மரச்சட்டம் பிசுக்கேறிக் கறுத்துவிட்டது. மருமகள் இரண்டு முறை அதைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடப் பார்த்தாள். இரண்டு முறையும் பிடுங்கி மாட்டினேன். எதற்கு என்று கேட்டாள். பருப்பு, புளி தீர்ந்தால் எழுதி வைக்க வசதி என்றேன். முழுப் பொய். பல வருஷமாக அதில் நான் ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தொலைபேசி ஆப்பரேட்டர் வேலை கிடைத்தது. சேலத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். பாவுக்கும் ஊடைக்கும் வித்தியாசம் தெரியும், நெல்லுக்கும் கோரைக்கும் தெரியாது. என்னைக் கொண்டுபோய்ப் பள்ளிபாளையத்தைத் தாண்டி, மேட்டூர்க் கிழக்குக் கரைக் கால்வாய் முடிகிற இடத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில் போட்டார்கள். ஓட்டு வீட்டில் நிலையம். ஒரு போர்டு, இரண்டு நாற்காலி, தெருவைப் பார்த்து ஒரு கம்பி சன்னல். அழைப்பு வந்தால் விளக்கு எரியும்; கயிற்றை எடுத்துச் செருகி இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துவிட வேண்டும். காலையில் வேலை சூடு பிடிப்பதற்கு முன்னால் பக்கத்து ஊர் ஆப்பரேட்டர்கள் லைன் சோதிக்கிற சாக்கில் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். மேட்டூர் ஆப்பரேட்டர் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததே இல்லை. ஆனால் ஆனி பிறந்துவிட்டால் அவர் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். "எழுதிக்கோம்மா" என்று அணையின் நீர்மட்டத்தைத்தான் முதலில் சொல்வார்.

அந்த எண்ணைக் கேட்கத்தான் சன்னலில் கூட்டம். பேப்பர் எங்கள் ஊருக்கு மத்தியானம்தான் வரும், அதிலும் முந்தைய நாள் அளவுதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரு சிலேட்டு வாங்கி, அடியை எழுதிச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். அதைப் பார்க்கிற முகங்களைப் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நான் பார்ப்பேன். அரை அடி ஏறினால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நகர்வார்கள். அரை அடி இறங்கினால், எழுதினது சரிதானா என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். ஏதோ நான் குடித்துவிட்ட மாதிரி!

நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருவரை எனக்கு அந்தச் சன்னல் வழியாகத்தான் தெரியும். கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வயல். வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப மாதமாகும். வெள்ளாமை முழுவதும் அக்கா தலையில். காலையில் தூக்குப்போசியில் எருமைப்பால் கொண்டுவந்து டீக்கடைக்கு ஊற்றிவிட்டு, போகிற வழியில் சன்னலுக்கு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. "எத்தன அடீங்க அம்மிணி?" என்பார். சொன்னால் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போவார்.

ஒரு நாள் அவர்தான் எனக்கு விளங்கவைத்தார். ஆடி நடுவில் கால்வாயைத் திறந்தால் மார்கழியில் அடைத்துவிடுவார்கள். தலைமடைக்காரருக்கு முதல் நாளே தண்ணீர். கடைமடைக்கு வந்துசேர நாலைந்து நாளாகும், சில வருஷம் அதற்கும் மேல். தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடைமடைக்காரர்கள் விதையை ஊறப்போடுவார்கள். அதற்குள் மேலே உள்ளவர்கள் நடவையே தொடங்கியிருப்பார்கள். பிந்தி நட்ட பயிர், கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் கால்வாய் அடைத்துவிடும். "புள்ளைக்குப் பால் மறக்கடிச்சாப்பல நின்னு போயிருமுங்க" என்றார். முந்தின வருஷம் அவருக்கு அப்படித்தான் பாதிக்கு மேல் பதராகப் போயிருந்தது. மிஞ்சியதில் ஒரு குதிர் விதைக்கு வைத்திருந்தார். "தொறக்கற நாளு மட்டும் முன்னாடியே தெரிஞ்சா, கெணத்துத் தண்ணில நாத்து உட்டு வெச்சுக்குவனுங்க. தண்ணி வந்ததும் நட்டுருவேன். ஆரு சொல்றாங்க?" அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வாய் நிற்காது. அது என் பிறவிக் குணம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆனி மாதம். குடகில் நல்ல மழை. அணை தினமும் ஏறிக்கொண்டே போனது. சிலேட்டைத் துடைத்துத் துடைத்து எழுத எனக்கே உற்சாகம். ஆடி பிறந்து சில நாட்களில், பொதுப்பணித்துறை மேலதிகாரி ஒருவர் எங்கள் ஊர்க் கால்வாய் அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டார். இணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று ஒரு கணம் காது வைத்துப் பார்ப்பது எங்கள் வேலை. கேட்டால் உடனே விலகிவிட வேண்டும். நான் காது வைத்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெருக்கன்னைக்குத் திறந்துடலாம். மதகெல்லாம் பார்த்து வையுங்க." நான் ஒழுங்காக விலகிவிட்டேன். என் நேர்மையை நினைத்து எனக்கே பெருமை.

மறுநாள் அக்கா சன்னலில் நின்றபோது அந்தப் பெருமை எங்கே போனதோ! கம்பிக்கு அருகில் போய், "அக்கா, பெருக்கன்னைக்குத் திறக்கறாங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். "நெசமாலுமா சாமி?" "என் காதால கேட்டேங்க." அவ்வளவுதான். அன்று மாலையே குதிரில் இருந்த விதை முழுவதையும் ஊறப்போட்டுவிட்டார். கொழுந்தனார் கிணற்றில் தினம் ஒரு முறைத் தண்ணீர் கேட்டு வாங்கி நாற்றங்கால் விட்டார். கடைமடையில் வேறு யாரும் விதைக்கவில்லை. ஊரே அவரை வேடிக்கை பார்த்தது.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. போனது. கால்வாய் திறக்கவில்லை. குடகில் மழை விட்டுவிட்டது. சிலேட்டில் அடி நின்ற இடத்திலேயே நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. அந்த வாரம் கால்வாய் அலுவலக எழுத்தர் ஒருவர் டிரங்க் கால் பதிய வந்தார். அவரிடம் யாரோ ஒரு விவசாயி எப்போது திறப்பீர்கள் என்று சண்டைக்கு நிற்க, அவர் அலுத்துக்கொண்டு சொன்னார்: "பெரியவரு அன்னைக்கே போன்ல சொல்லிட்டாருங்க. வரத்து இப்படியே இருந்தாத்தான் பெருக்கன்னைக்கு, கொறஞ்சா தள்ளிப்போகும்னு."  அந்த அழைப்பில் நான் கேட்டது பாதி. ஒழுங்காக விலகிவிட்டேனே, அதற்குப் பிறகுதான் மீதியைப் பேசியிருக்கிறார்கள்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் முளைத்த நாற்று மறுபடி விதையாகிவிடுமா? மற்றவர் அழைப்பை வெளியில் சொன்னது தெரிந்தால் என் வேலை போய்விடும். அந்தப் பயமும் இல்லாமல் இல்லை, மறைப்பானேன். கோழைத்தனமாக ஒரு காரியம் செய்தேன். காலை வேலையை இன்னொரு பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மத்தியான வேலைக்குப் போனேன். அக்கா வருகிற நேரத்தில் நான் இருக்கமாட்டேன். ஆனால் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அக்கா வந்தாங்களா?" வந்தார்களாம். அடி கேட்டார்களாம். "ஆப்பரேட்டரம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்களாம்.

அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி அக்கா வயலுக்கே போனேன். நாற்று விட்டு ஒரு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயிர் தெரியாவிட்டாலும் அது வாடியிருந்தது தெரிந்தது. நுனியெல்லாம் மஞ்சள். கொழுந்தனார் கிணறும் வற்றிக்கொண்டு போனதால் முறைத் தண்ணீர் பாதியாகிவிட்டது. அக்கா குடத்தில் கொண்டுவந்து கையால் தெளித்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கி என்னிடம் காட்டினார். "இன்னும் கொஞ்ச நாள் போனா தண்டுல கணு உட்ருமுங்க. கணு உட்ட நாத்து நட்டா தூர் கட்டிக் கெளைக்காது." பிறகு, வெயிலில் வந்த பிள்ளை என்று மோர் கலந்து கொடுத்தார். சொம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பாதி கேட்டதை, மீதி தெரிந்ததை, மத்தியான வேலைக்கு ஓடியதை எல்லாம் கொட்டினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத வேற ஆருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மிணி. உன்ற உத்தியோகத்துக்கு ஆவாது." அவ்வளவுதான். மறுபடி குடத்தை எடுத்தார். நானும் இன்னொரு குடத்தை எடுத்தேன். பாதி நாற்றுக்கும் பாதி என் சேலைக்குமாக ஊற்றினேன்.

மறுநாளே காலை வேலைக்குத் திரும்பிவிட்டேன். மேட்டூர்க்காரரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. "அம்மா, நான் என்ன பண்ணட்டும், வானத்துக்கா கயிறு செருகறது?" என்று அவரே ஒரு நாள் கோபித்துக்கொண்டார். ஆவணி பாதி போன பிறகு மறுபடி மழை பிடித்தது. ஒரு காலை அவர் அடியைச் சொல்லிவிட்டு, "கிழக்குக் கால்வாயைத் திறந்தாச்சு. நானே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார். என் பைத்தியம் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் திறந்தால் கடைமடைக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் கட்டுச்சோற்றோடு கால்வாய்க் கரையிலேயே மேலே நடந்துபோய், வழியில் யாரும் வைக்கோலைத் திணித்து மறிக்காமல் பார்த்துக்கொண்டு, தண்ணீர் கூடவே நடந்து வருவார்கள். தண்ணி கூட்டியாறது என்று அதற்குப் பெயர். அந்த முறை போனவர்களில் அக்கா ஒருத்திதான் பெண். ஐந்தாம் நாள் காலை நான் லீவு போட்டுவிட்டுக் கடைசி மதகில் போய் நின்றேன். முதலில் கொக்குகள் தெரிந்தன. தண்ணீருக்குப் பயந்து வெளியே வரும் பூச்சிகளைத் தின்ன அவை முன்னால் வரும். பிறகு காய்ந்த சருகும் நுரையும் ஒற்றைச் செருப்பும் சுமந்துகொண்டு, மனிதர் நடக்கிற வேகத்தில் தண்ணீரின் நுனி வந்தது. அதற்கு ஓரடி முன்னால், காய்ந்த கால்வாய்க்குள்ளேயே அக்கா நடந்து வந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். ரெண்டு காலும் வெடித்திருந்தன. மடியில் இருந்த மஞ்சளை எடுத்துத் தண்ணீரில் போட்டார். சூடத்தை என் கையில் கொடுத்து, "பத்த வை சாமி" என்றார். மூன்று தீக்குச்சியை வீணாக்கி, நான்காவதில்தான் பற்றவைத்தேன்.

நாற்று கணு விட்டிருந்தது. நுனியைக் கிள்ளிவிட்டு, நெருக்கி நெருக்கி நட்டார்கள். அந்த வருஷம் எவ்வளவு விளைந்தது என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. தை முழுக்க அவர் சன்னல் பக்கம் வரவில்லை. கால்வாய் அடைத்திருக்கும்போது எதற்கு வரவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஆனியில் சிலேட்டை மறுபடி கட்டினேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, "எத்தன அடீங்க அம்மிணி?" என்ற குரல். நிமிர்ந்தேன். அக்கா நின்றார். கையில் தூக்குப்போசி இல்லை. எருமையை விற்றுவிட்டார்களென்று கேட்காமலே தெரிந்தது. டீக்கடைக்குப் பால் ஊற்ற வேண்டியதில்லை. அடி கேட்பதற்காக மட்டும் மூன்று மைல் நடந்து வந்திருக்கிறார், அதுவும் என்னிடம். நான் அடியைச் சொன்னேன். அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அவர் போனார்.  அங்கே நான் வேலை பார்த்த கடைசி வருஷம்வரை, ஒவ்வொரு ஆடியிலும் எங்களுக்குள் அந்த எண் மட்டும்தான்.

இப்போது அணை நீர்மட்டம் என் கைபேசியிலேயே வருகிறது. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. அவர் மகன் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிறான். ஆனால் சொந்த வயலில் போட்ட குழாயில் தண்ணீர் வரவில்லையாம், இன்றும் கால்வாய்தான். ஆனி வந்தால் பேத்தியை நம்பர் போடச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். அந்தப் பேத்தியின் கைபேசியிலேயே அணை நீர்மட்டம் இருக்கிறது, ஆனாலும் என்னிடம்தான் கேட்பார்.

இந்த வருஷம் எப்படியோ எனக்குத் தைரியம் வந்தது. எண்ணைச் சொல்வதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். "அக்கா, அந்த வருஷம் நான் சொல்லாம இருந்திருந்தா விதைச்சிருக்கமாட்டீங்கதானே?" இல்லை என்பார், எப்படியும் விதைத்திருப்பேன் என்பார், என் மனசு ஆறட்டும் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா அம்மிணி, நீ சொல்லித்தான் வெதச்சேன்" என்றார் அக்கா. "எருமையும் அதுலதான் போச்சு. ரெண்டு ஊட்ல சிரிச்சாங்க. இல்லைன்னு நான் பொய் சொல்லமாட்டேன்." அதோடு நிறுத்தவில்லை. "ஆனா அடுத்த ஆனிக்கு எங்க வந்து நின்னேன்? உன்ற சன்னல்லதான நின்னேன்?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே சமையலறைச் சுவரில் தொங்கிய சிலேட்டைப் பார்த்தேன். 

"ஏனுங்க, லைன் கட்டாயிருச்சா?" என்றார் அந்தப் பக்கம். "எத்தன அடின்னு சொல்லு சாமி, வெசனமா இருக்குது."

எழுந்துபோய் ஆணியில் இருந்து சிலேட்டை எடுத்தேன். பேரனின் பையில் ஒரு துண்டுச் சாக்பீஸ் கிடைத்தது. கைபேசியில் இருந்த எண்ணை அதில் எழுதி, சரிதானா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, அக்காவுக்குப் படித்துச் சொன்னேன்.