ஓல்னேயில் நாளைக்குப் பள்ளிக்கூடம் பூட்டு

பாரிசின் ரூ காய் தெருவில் மழைதான் பெய்துகொண்டிருந்தது. அதைக் கடைவாசலில் நின்று பார்த்துவிட்டு, நாளைக்குத் தான் குடியிருக்கும் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் பள்ளிக்கூடம் பூட்டு என்று சாரதாதேவி அடித்துச் சொன்னாள். அவள் வேலை செய்யும் சேலைக்கடையின் முதலாளி வலன்ரைனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“போன வருசம் வாங்கிக் கட்டினது காணாதே, சாரதா?”

நன்றாகவே வாங்கிக் கட்டியிருந்தாள். இந்தத் தெரு இருக்கும் லா ஷப்பலில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: குடியிருப்பது புறநகரில், வானம் பார்ப்பது இங்கே. ரூ காயில் விழும் பனி தரையில் பட்டதும் தண்ணீராகிவிடும். அரை மணி ரயில் தூரத்தில், ஓல்னேயில், அதுவே கணுக்கால் வரை குவிந்து கிடக்கும். போன மாரியில் சாரதாவும் இந்தத் தெரு மழையை நம்பி, “பயப்படாதேங்கோ, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு” என்று ஓல்னே ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு அனுப்பினாள். விடிந்தால் பள்ளிக்கூடம் பூட்டு. அதை நம்பி ஐந்து மணிக்கே ஹோட்டல் அறை துப்புரவாக்கப் போன, குழுவிலிருந்த சுஜானி, எட்டு வயது மகள் பூட்டிய கேற்றடியில் தனியே நிற்கிறாள் என்று கேட்டுப் பாதி வேலையில் ஓடிவந்தாள். அதோடு அவளுடைய வேலை போனது.

குழுவில் ஆளாளுக்கு ஏசினார்கள். ‘பனிச் சாத்திரி’ என்று பட்டமும் வைத்தார்கள். வேறொருத்தி என்றால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். சாரதா இரண்டு வெப்பமானி வாங்கினாள். ஒன்று கடைவாசலுக்கு, மற்றது வீட்டுப் பல்கனிக்கு. மிச்ச மாரி முழுக்கக் குறித்துப் பார்த்ததில், கடையைவிட வீட்டில் இரண்டு மூன்று பாகை குளிர் கூட. பனி குவிந்து பஸ் ஓடாவிட்டால் ஆசிரியர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டு என்ற அறிவிப்பு வருவது ஏழரைக்கு, தாய்மார் வீட்டைவிட்டுக் கிளம்புவது ஐந்துக்கு. இடையில் கிடக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? யாருமில்லை என்பதுதான் சாரதாவின் கோபம்.

இன்று கடைவாசலில் இரண்டு பாகை; அப்படியென்றால் ஓல்னேயில் பூச்சியமோ அதற்கும் கீழோ. சுஜானி புது ஹோட்டலில் சேர்ந்து, தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று நாள். ஒரு நாள் வராவிட்டாலும் அனுப்பிவிடுவார்கள். சாரதா அவளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“பிள்ளையை இண்டைக்கே என்ர வீட்டை கொண்டுவந்து விடு. நாளைக்குப் பூட்டு.”

“அன்ரி, போனமுறையும் நீங்கள்தானே…”

“ஓம், நான்தான். அதாலைதான் சொல்லுறன், கொண்டுவா.”

பிறகு வலன்ரைனிடம் திரும்பினாள். “அண்ணை, நாளைக்கு நான் வரேல்லை.”

“உமக்கென்ன விசரே? வெளியிலை பாரும், மழை! பள்ளிக்கூடம் திறந்திருந்தால் நீர் பிறகு இஞ்சாலைப் பக்கம் வரவேண்டாம்.”

முப்பது வருடமாக ஓல்னேயில் குடியிருக்கும் மனிதர், ரூ காயைத்தான் கைகாட்டினார்.

“சரி அண்ணை,” என்றாள் சாரதா.

விடிய ஐந்து மணிக்குப் பல்கனிக் கதவைத் திறந்தாள். மழை. வேலையும் போய் மானமும் போகப்போகிறதே என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனாலும் கைபேசியை எடுத்துக் குழுவுக்குப் பேசினாள்: “சொன்னது சொன்னதுதான். பூட்டு.”

ஆறு மணிக்கு மழை பனியாக மாறியது. ஏழுக்கு பஸ்கள் நின்றன. ஏழரைக்கு அறிவிப்பு வந்தபோது, சுஜானி பாரிசில் மூன்றாவது அறைக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் சாரதாவின் சோபாவில் நல்ல நித்திரை.

எட்டு மணிக்கு வலன்ரைன் அழைத்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பேரன் அவர் கையில்; கடையும் திறக்கவேண்டும்.

“சாரதா, பேரனை உம்மட்டைக் கொண்டுவந்து விடட்டே?”

“தாராளமாக் கொண்டுவாங்கோ, பால் காய்ச்சி வைக்கிறன். ஆனா முதல்லை குறூப்பிலை உங்கட வாயாலை சொல்லுங்கோ.”

“என்னத்தை?”

“நேற்றுக் கடையிலை எனக்குச் சொன்னதை. பிறகு யன்னலாலை எட்டிப் பார்த்து, இண்டைக்கு என்ன தெரியுதெண்டதை.”

தொடர்பு அறுந்தது. சாரதா அவசரப்படாமல் நின்றாள். சிறிது நேரத்தில் குழுவில் வலன்ரைனின் குரல் வந்தது: நேற்றுக் கடையில் சொன்னதும், இன்று யன்னலில் தெரியும் பனியும், நாற்பது செக்கனில். அவள் அதை முழுக்கக் கேட்டாள். இரண்டாம் தரமும் கேட்டாள். பிறகுதான் பாலை அடுப்பில் வைத்தாள்.