முயலுக்குப் பொருந்தாத சட்டம்

ஒவ்வொரு பிள்ளை வருவதற்கு முன்னும் பொம்மையக்கா அந்தத் துணி முயலை நாற்காலியில் தலைகீழாக வைப்பாள். சும்மா கவிழ்த்துப் போடுவதில்லை. காதுகள் விளிம்பில் தொங்க வேண்டும், கால்கள் கூரையைப் பார்க்க வேண்டும், பார்த்தவருக்கு ‘ஐயோ பாவம்’ என்று தோன்ற வேண்டும். பிறகு முதுகைக் காட்டி நின்று, எதையோ தொலைத்தவள்போல அலமாரியைக் கிளறுவாள். வாயே திறக்காத பிள்ளையும், பெரியவர்கள் பார்க்காத அந்த நேரத்தில் முயலை நிமிர்த்தி உட்காரவைத்துவிடும். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

யாரோ ஒரு பெரியவரால் காயப்பட்ட பிள்ளைகள் வந்து, நடந்ததைச் சொல்லும் அறை அது. குட்டி நாற்காலிகள், சுவர் மூலையில் ஒரு கேமரா, அலமாரியில் ஒரு துணிப் பொம்மை. பொம்மைக்குச் சட்டை கிடையாது. வாயால் சொல்ல வராததைப் பிள்ளைகள் அதைத் தொட்டுக் காட்டும். பொம்மையக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

இப்படி இருக்கையில், நாட்டுப் பிள்ளைகளின் மனசு கெட்டுப்போகிறது என்று பெரியவர்களுக்குத் திடீர் ஞானம் பிறந்தது. ஆபாசத்தை ஒழிக்கச் சட்டம் எழுத ஒரு குழு போட்டார்கள். குழு என்றால் ஊர் சுற்ற வேண்டுமல்லவா? இந்த அறைக்கும் வந்தது. உறுப்பினர்கள் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்தார்கள். தூங்குமூஞ்சி என்று சட்டசபையே அழைக்கும் ஓர் உறுப்பினர், வந்ததும் பாயில் சாய்ந்து, முயலைத் தலைக்கு அணையாக வைத்துக் குறட்டை விடத் தொடங்கினார்.

குழுத்தலைவரின் கண் அலமாரிக்குப் போனது.

“என்னம்மா இது, அம்மணமா?”

“பொம்மைங்கய்யா.”

“பொம்மைன்னு தெரியுது. பிள்ளைங்க வர்ற இடத்துல இப்படியா வெப்பீங்க?”

“எங்க வலிச்சதுன்னு பிள்ளைங்களுக்கு வாயால சொல்ல வராதுங்கய்யா. இதுலதான் காட்டும்.”

தலைவர் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார், விரல்களுக்கு நடுவே போதுமான இடைவெளி விட்டு. “ஒரு சட்டையைப் போட்டு விடுங்களேன்.”

“சட்டை போட்டா பிள்ளை சட்டையத்தான்யா காட்டும்.”

இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. குழுவின் அறிக்கையில் அவளைப் பற்றி ஒரு வரி வந்தது: ‘பணியாளர் தேநீர் வழங்கினார்.’

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகச் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகள் கண்ணில் படும்படி ஆடையில்லாத மனித உருவம் எதையும் வைத்தால் குற்றம். சினிமாவுக்கு விலக்கு உண்டு, சோப்பு விளம்பரத்துக்கு உண்டு, மாளிகை வாசல் சிலைகளுக்கு உண்டு. அவரவர்க்குப் பேச ஆள் இருந்தது. பொம்மைக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டம் வந்தால் அமல் வேண்டும், அமல் என்றால் வழக்கு வேண்டும். சினிமாக்காரனைத் தொட முடியாத இன்ஸ்பெக்டர், ஒரு காலையில் பொம்மையக்காவின் அறைக் கதவைத் தட்டினார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மேலிடத்து உத்தரவு. பொம்மையக் குடுங்க.”

“சார், இப்ப ஒரு பொண்ணு வரப்போறா. ஸ்கூல் வேன்காரன் கேஸ். இன்னிக்கு அவ சொல்லலேன்னா அவனை விட்டுடுவாங்க. திங்கக்கிழமை அதே வேன், அதே பிள்ளைங்க.”

“தெரியும்க்கா. அவனைப் பிடிச்சதே நான்தான்.”

“அப்புறம்?”

“அது வேற செக்‌ஷன், இது வேற செக்‌ஷன்.”

மனிதர் நேர்மையானவர். ஆபாசப் பொருளைத் திறந்தபடி தெருவில் கொண்டுபோகக் கூடாதென்று செய்தித்தாளில் சுற்றினார். கைக்குக் கிடைத்தது சினிமாப் பக்கம். அதில் சிரித்த நடிகை உடுத்தியிருந்ததைவிடப் பொம்மையின் உடம்பில் தையல் நூல் அதிகம்.

அவர் படியிறங்க, சிறுமி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சித்தி வாசலிலேயே சொல்லிவிட்டாள்: “இன்னிக்கு ஒரு நாள்தாங்க. இன்னொரு தடவை கூட்டிட்டு வரமாட்டோம். வீட்டுல ஏற்கெனவே, குடும்ப மானம் போகுதுன்னு ஒரே சண்டை.”

பொம்மையக்கா சித்தியை வெளியே உட்காரவைத்தாள். கை பழக்கத்தை மறக்கவில்லை. முயலைக் கவிழ்த்தாள், அலமாரிப் பக்கம் திரும்பினாள். பொம்மை இருந்த தட்டு காலி. காலித் தட்டையே வெகுநேரம் கிளறினாள்.

“அது ஏன் தலைகீழா இருக்கு?” பின்னாலிருந்து குரல் வந்தது.

“தெரியலடா கண்ணு. யாராச்சும் பண்ணியிருப்பாங்க.”

“அதுக்குப் பிடிக்கல.”

“பிடிக்கலேன்னு சொல்லிச்சா?”

“அதுக்குத்தான் வாயைத் தச்சிருக்காங்களே.”

பொம்மையக்கா திரும்பினாள். சிறுமி முயலை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

“அப்ப அதுக்குப் பதிலா நீ சொல்றியா? வேன்ல என்ன ஆச்சுன்னு?”

சிறுமி முயலைத் திருப்பி, ஒரு விரலை ஓரிடத்தில் வைத்தாள். விரல் அங்கேயே நின்றது. பிறகு, விரலை எடுக்காமலே, பேச ஆரம்பித்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பொம்மையக்கா கடைசிவரை ஒரு கேள்விகூட இடையில் போடவில்லை.

கோர்ட்டில் வேன்காரனின் வக்கீல் துள்ளினார். “கனம் நீதிபதி அவர்களே, முயலைக் காட்டிச் சொன்னதெல்லாம் ஒரு சாட்சியமா? முயல் என்ன மனுஷனா?”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பொம்மையக்காவைப் பார்த்தார். “மனுஷ உருவமா இருந்திருந்தா, புதுச் சட்டப்படி இந்தம்மாவை நான் உள்ள தள்ளணும். முயலா இருக்கப்போய்த் தப்பிச்சாங்க. நீங்க உக்காருங்க.”

வேன்காரன் உள்ளே போனான். பொம்மையும் உள்ளேதான் இருக்கிறது. காவல் நிலையத்துப் பொருள் அறையில், நடிகையின் சிரிப்புக்குள் சுருண்டு, விசாரணைக்குக் காத்துக்கொண்டு.

வெகுநாள் கழித்துக் கோர்ட் வாசல் டீக்கடையில், அந்தக் குழுவின் பேச்சையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்தவர் பொம்மையக்காவிடம் ஒரு சேதி சொன்னார். சட்டத்தின் முதல் வரைவில் ‘மனித, விலங்கு உருவம்’ என்றுதான் இருந்ததாம். குழுத்தலைவர் ‘விலங்கு’ என்று அழுத்திப் படித்து மேசையைத் தட்டிய சத்தத்தில் தூங்குமூஞ்சி திடுக்கிட்டு விழித்து, “அப்ப எங்க தொகுதி எருமைக்கெல்லாம் யாருய்யா பாவாடை தைக்கிறது?” என்றாராம். குழு சிரித்த சிரிப்பில் தலைவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். தூங்குமூஞ்சி மறுபடி தூங்கப் போய்விட்டார்.