நூற்று நாற்பத்தாறாம் எடை

ஆய்வகத்தில் அவளுக்கு ‘வாக்யூமக்கா’ என்றே பெயர். இரும்புக் கலத்துக்குள் காற்று புகாமல் பார்த்துக்கொள்வது பத்தொன்பது வருட வேலை. “ஒண்ணுமே இல்லாத இடத்துக்குக் காவல், அதுக்கொரு உத்தியோகம்” என்பாள் நாத்தனார்.

பேராசிரியரின் ஆராய்ச்சி இதுதான். மருந்தின் மூலக்கூறு ஒன்று தனியாக இருக்கும்போது மெதுவான எலக்ட்ரான் வந்து ஒட்டினால் உடைந்துபோகும். சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் இருந்தால் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும், மருந்து பிழைக்கும் என்று அவர் நம்பினார். மருந்தும் இரண்டு தண்ணீர் மூலக்கூறும் சேர்ந்தால் எடை நூற்று நாற்பத்தாறு; அந்த எடையில் கோடு எழும்பினால் மருந்து உடையாமல் பிழைத்தது என்று பொருள். திரையில் அந்த எண்ணில் கோடு எழும்பியது அவள் கையால்தான். கட்டுரையில் முதன்முறையாக அவள் பெயரும் சேர்ந்திருந்தது. அச்சுக்குப் போக நான்கு நாள்.

அன்று தண்ணீர்க் குடுவையை நிரப்ப மறந்துவிட்டாள். பாதி ஓட்டத்தில் பார்த்தால் குடுவை காய்ந்து கிடக்கிறது. கோடு மட்டும் அப்படியே நிற்கிறது.

அவள் பார்வை பக்கத்திலிருந்த வாயுக் குழாய்க்குப் போனது. எலக்ட்ரானின் ஆற்றலைச் சரிபார்க்கத் தினமும் காலையில் ஒரு வாயுவைக் கொஞ்சம் உள்ளே விடுவார்கள். மெதுவான எலக்ட்ரானைக் கண்டால் பாய்ந்து பிடித்துக்கொள்ளும் வாயு. அதன் எடையும் நூற்று நாற்பத்தாறு. எல்லோருக்கும் தெரிந்த எண்தான். வால்வைத்தான் மூடியாயிற்றே என்று யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. அந்த வால்வில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தை ஒன்றரை வருடம் முன்பு மாற்றியவள் அவள். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்த்ததெல்லாம் அதற்கு முன்பு.

வாயுக் குழாயைக் கழற்றி அடைத்து, தண்ணீர் நிரப்பி, மாலையில் மறுபடி ஓட்டினாள். கோடு படுத்துவிட்டது. உடைந்த துண்டுகள்தான் வந்தன.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து திரையைப் பார்த்தார். “நீங்க மட்டும்தானே பார்த்தீங்க?”

“ஆமா சார்.”

“உங்க பேரும் இதுல இருக்கும்மா. யோசிச்சீங்களா?”

“யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன். தண்ணியே இல்லாம கோடு நிக்குது.”

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. வீட்டில் கணவர், ஒரு வளையம்தானே, யார்தான் தப்பு செய்யவில்லை என்று தட்டில் சோற்றைப் போட்டார். அவள் பிசைந்துகொண்டே இருந்தாள், உருண்டை வாய்க்குப் போகவில்லை.

மறுவாரம் ஆராய்ச்சியை நிறுத்தி, கலத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். காற்றை உறிஞ்சும் பம்புகளைப் பக்கத்து ஆய்வுக் குழு கேட்டிருந்தது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தவள், தான் எப்போது அந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பம்பை மட்டும்தான் கேட்டிருக்காங்கம்மா.”