கடலை ஆகாத பிள்ளைக்குத் தனித்தட்டு

போத்தனூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு ஆறு கதவு, ஒரே குழாய். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் மகளுக்கு நாலு வயது. அவளுக்கு நிலக்கடலை ஆகாது என்பதை ஒரு துண்டு கடலை மிட்டாய்தான் எங்களுக்குச் சொன்னது. தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு டாக்டர் சொன்னார்: "இனி ஒரு பொடிகூட உள்ள போகக் கூடாதும்மா. கடலை பட்ட கரண்டிகூட வேண்டாம்."

நாங்களோ கடலை போட்டு எடுக்கிற ஆட்கள். ஆனைமலைப் பக்கம் மாமனாருக்குத் தோட்டம். சட்னிக்கும் கடலை, எண்ணெயும் கடலை, வந்தவர்களுக்கு வறுத்து நீட்டுவதும் கடலை. சேதி கேட்டு மாமனார் சிரித்தார்.

"வெளிய சொல்லிப்போடாத அம்மணி. ஏவாரி காதுல விழுந்தா வெலையக் கொறச்சுப்போடுவான்" என்றார். "கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு, சரியாப் போயிரும்."

அந்தப் பழக்கம் மட்டும் நடக்காது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். வீட்டிலிருந்த கடலையை எல்லாம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் வீட்டு மலையாளத்துச் சேச்சிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அவர் மகனுக்கு இறால் ஆகாது. "அதுக்கென்னா, இறால் வெக்கற அன்னிக்கு அவனுக்குத் தேங்காய் அரைச்ச சம்மந்தியும் சோறும். அவ்வளவுதானே" என்று சொல்லி, தேங்காயெண்ணெய்க்கு மாறச் சொன்னார். தலைக்குத் தேய்ப்பதைத் தோசைக்கு ஊற்றுகிறேன் என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதம் புலம்பினார். புலம்பிக்கொண்டே தின்றார்.

சிக்கல் வந்தது அடுத்த வீட்டில். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். கணவருக்கு ரயில்வேயில் வேலை. எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாக இருந்த சனம். குழாயடியில் யாரும் அதைப் பேசுவதில்லை, ஆனால் யாருக்கும் தெரியாமலும் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணும் நானும் நல்ல சிநேகம். எங்கள் மகள்கள் இருவரும் எந்நேரமும் ஒன்றாகத்தான் கிடப்பார்கள்.

அவள் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. டாக்டர் சொன்ன கரண்டி ஒன்றுதான் என் மண்டைக்குள் இருந்தது. மகளோடு ஒரு தட்டு, ஒரு தம்ளர், டப்பாவில் தயிர்சாதம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டுக்காரி தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, எங்க ஊட்டுத் தட்டுல உங்க புள்ள திங்கக்கூடாதுங்களா?"

"கடலக்கா ஆகாதில்ல அம்மணி, அதான்."

"பலகாரத்துல கடலக்கா இருந்தா பலகாரம் வேண்டாம்பீங்க. தட்டுல என்னங்க இருக்குது?"

மறுநாளிலிருந்து குழாயடிக்கு நான் போனால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மகளையும் விளையாட அனுப்பவில்லை. என் மகள் நடையில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்குச் சிநேகிதி போனது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கடலை என்பது சாக்கு, உள்ளே இருப்பது சாதி என்று ஒரு வீடு நினைத்துவிட்டால், பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, "பாருங்க, ஒண்ணும் ஆகலை" என்று காட்டத் தோன்றாதா? கெட்ட எண்ணமே வேண்டாம், அந்த ஒரு வாய் போதும்.

நாலாம் நாள் காலையில் ஆண்கள் வேலைக்குப் போனதும் அவள் வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். குடித்தேன்.

"தண்ணி குடிச்சுட்டாச் சரியாப் போச்சுங்களா?" என்றாள். தம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்கப்பன் உங்களாட்டம் ஒருத்தரு தோட்டத்துலதானுங்க வேல செஞ்சாரு. அவருக்கு டீ ஊத்தறதுக்குன்னு கூரையில ஒரு தம்ளரு சொருகி வெச்சிருப்பாங்க. குடிச்சுப்போட்டு அவரே கழுவி, அவரே சொருகோணும். உங்க கையில நான் பாத்தது அந்தத் தம்ளரத்தானுங்க."

அப்படி ஒரு தம்ளர் என் மாமனார் தோட்டத்திலும் உண்டு. கல்யாணமான புதிதில், கை படாமல் உயரத் தூக்கி அதில் நானே டீ ஊற்றியிருக்கிறேன். அதை மறைத்து வைத்துக்கொண்டு அவளிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஆட்டோவில் என் மடியில் பிள்ளை கிடந்த கிடையைச் சொன்னேன். உதடு நீலம் பாய்ந்ததைச் சொன்னேன்.

"எம்புள்ளைக்கு உங்க அடுப்புல, உங்க கையால ஒரு நேரம் ஆக்கிப் போடுங்க அம்மணி. எதெது ஆகாதுன்னு நான் சொல்றேன்."

"ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா? எங்க சனம் உங்க புள்ளைக்கு என்னத்தையோ குடுத்துப்போட்டாங்கன்னுதானுங்க பேச்சு வரும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் பயம் அவ்வளவு பெரிதாக இருந்ததில், அவளுக்கும் ஒரு பயம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"இன்னிக்கு வேண்டாமுங்க. நான் சொல்றப்ப வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். என் வீட்டு வாணலியைத் தருகிறேன் என்றதற்கு, "எங்க ஊட்டுச் சாமானம் எங்க ஊட்டுலயே இருக்குதுங்க" என்றாள். சந்தையில் புதுசாக ஒரு வாணலி, ஒரு கரண்டி, இரண்டு தட்டு வாங்கி வைத்திருந்தாள். இரண்டாவது தட்டு அவள் மகளுக்கு. கடலைப்பொடி டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றி, அம்மியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, சேச்சியிடம் எண்ணெய் வாங்கி உருளைக்கிழங்கு வறுத்தாள். தக்காளி ரசம், சோறு. பிள்ளைகள் இருவரும் ஒரே மாதிரித் தட்டில் சாப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் என் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூச்சு நல்லாத்தான் போகுதுங்க" என்று அவள் நாலு தடவை சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து மாமனார் வந்தார். பஸ்ஸில் வழிநெடுக வறுகடலை தின்றுகொண்டு வந்திருக்கிறார். துண்டில் தொலி ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "வா கண்ணு" என்று கையை நீட்டினார். குழாயடியில் நின்றிருந்த அடுத்த வீட்டுக்காரி நடுவில் வந்து என் மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கையக் கழுவிட்டுப் புள்ளையத் தொடுங்க."

மாமனார் அவளைப் பார்க்கவில்லை. "இதாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"அவங்க சொல்றதுதான் சரிங்க மாமா. கழுவுங்க. வாயும் கொப்பளிச்சுப்போடுங்க."

அவள் தன் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு நீட்டினாள். மாமனார் என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். பேத்தி அவள் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் செம்பை வாங்கினார். வாய் கொப்பளித்து, முழங்கை வரைக்கும் கழுவினார்.

"துண்டையும் அங்க தள்ளிப் போயி ஒதறுங்க" என்றாள் அவள்.